தலைக்கு இருநூற்றைம்பது

கொளஞ்சியப்பன் எழுதிய கணக்கில் பைசா பிழை உண்டென்று ரிஷிவந்தியம் வட்டாரத்தில் எவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொன்னதில்லை. பதினாறு வருஷமாக அவன் ஊர் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிறவன் அவன்தான். செலவு மொத்தம் எவ்வளவு, ஊரில் எத்தனை தலைக்கட்டுக் குடும்பம், வகுத்தால் தலைக்கு எவ்வளவு. தீர்ந்தது விஷயம். பத்து ஏக்கர் கரும்பு போட்டவனும் அதே வரி, அவன் வயலில் களை பறிக்கிறவனும் அதே வரி. உனக்கு ஜாஸ்தி, எனக்குக் கம்மி என்று இழுத்தால் அடிதடி வரும். தலைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் எவன் வாயைத் திறப்பான்? இந்த ஒரு வித்தையில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பெருமைதான் பன்னிரண்டு பெண்களின் சோற்றில் மண்ணைப் போட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டோரம் கந்தசாமி பட்டறையில் கணக்கு எழுதுவது அவன் பிழைப்பு. பட்டறையில் மூன்று பிரிவு. முன் ஷெட்டில் லேத்து. கரும்பு ஆட்டும் மிஷினுக்கு உருளை கடைகிற ஆறு பேர், அவர்களுக்கு மேஸ்திரி ராசு. நடு ஷெட்டில் இரும்பு வாளியும் மண் சுமக்கும் பாண்டும் செய்கிற ஆறு பேர். கடைக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் கரும்பு வெட்டும் கத்தி செய்கிற பன்னிரண்டு பெண்கள், அத்தனை பேரும் கல்வராயன் மலைக்காரர்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, அரத்தால் ராவி, கைப்பிடி போட்டு ஆளுக்குப் பத்துக் கத்தி முடிப்பார்கள். கூலி நாளுக்கு எட்டு ரூபாய். மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை பக்கத்துக் கரும்பு வெட்டு மேஸ்திரிகள் இந்தக் கத்தியைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

எண்பத்தேழாம் வருஷம் ஆனி மாசம் முதலாளி கந்தசாமி பேங்கில் கடன் கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்த மேனேஜர், "எந்தச் சரக்குல லாபம், எந்தச் சரக்குல நட்டம்னு பிரிச்சு எழுதிக்கினு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதுவரை பட்டறையில் அப்படி எவனும் பிரித்துப் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே கல்லாப்பெட்டி.

"கொளஞ்சி, நீதான்டா இதுக்குச் சரியான ஆளு," என்றார் கந்தசாமி.

இரும்பு, கரி, கூலி எல்லாம் அந்தந்தப் பிரிவுக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. மிச்சம் நின்றது பொதுச்செலவு. கொட்டகை வாடகை, கரண்டு பில், ஜெனரேட்டருக்கு டீசல், வாட்ச்மேன் சம்பளம், கணக்குப்பிள்ளை சம்பளம், பேங்கு வட்டி. மாசம் ஆறாயிரம் ரூபாய். இதை யார் தலையில் எழுதுவது? கொளஞ்சியப்பன் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. பட்டறையில் மொத்தம் இருபத்து நான்கு தலை. ஆறாயிரத்தை வகுத்தான். தலைக்கு இருநூற்றைம்பது. லேத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, வாளிக்கு ஆயிரத்து ஐந்நூறு, கத்திக்கு மூவாயிரம். என்ன அழகான கணக்கு! அம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்.

அந்த மூவாயிரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கத்திக்கு அடக்கம் ஆறேகால் ரூபாய் வந்தது. விற்பதோ ஆறு ரூபாய்க்கு.

"அடப்பாவி! கத்திக்குக் கால் ரூபா நட்டத்துல வித்துக்கினு இருக்கமா?" கந்தசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இத்தினி வருஷமா இது தெரியாமப் போச்சே. நீ இல்லன்னா இன்னும் ஏமாந்துக்கினே இருந்திருப்பேன்டா."

பத்தே நாளில் சேலத்தில் ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தார். அவன் கத்தியை ஐந்தே முக்கால் ரூபாய்க்குப் பட்டறை வாசலில் இறக்கித் தருவதாகச் சொன்னான். நட்டம் போய், கத்திக்குக் கால் ரூபாய் லாபம். உலையும் வேண்டாம், கரியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கொளஞ்சியப்பனுக்கு ஐம்பது ரூபாய் சம்பள உயர்வு. அவன் மனைவி ஆண்டாள் அந்த ஐம்பது ரூபாய்க்கு மாசச் சீட்டு ஒன்று கட்ட ஆரம்பித்தாள்.

ஆடி பாதி கழிவதற்குள் பன்னிரண்டு பெண்களையும் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். பதினோரு பேர் கூலியை எண்ணி முடிச்சில் கட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளச்சி மட்டும் மேசை முன்னால் நின்றாள். கத்திக் கொட்டகையில் அவள் அடித்த கத்திக்குத் தனி கிராக்கி உண்டு. புருஷன் மரத்திலிருந்து விழுந்து செத்து ஆறு வருஷம். ஒரே மகள் சங்கவி கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கிறாள். அவளுக்காகத்தான் மலையை விட்டு இறங்கிவந்து, ஏரிக்கரையில் ஒரு குடிசையை வாடகைக்குப் பிடித்து இருந்தாள்.

"கணக்குப்பிள்ளைங்க, எங்களால நட்டம்னு சொல்றாங்களே, அது எப்பிடிங்க?" என்று கேட்டாள்.

"தலைக்கு எரநூத்தம்பது செலவு வருது. நீங்க பன்னெண்டு தலை."

"இன்னா செலவுங்க?"

"கரண்டு, டீசல், வாடகை."

"எங்க கொட்டாயில ஒரு குண்டு பல்புதானே எரியுது. லேத்துதானே கரண்டக் குடிக்குது. டீசல் மிஷினும் லேத்துக்குத்தானே ஓடுது?"

"பொதுச்செலவுன்னா எல்லாருக்கும்தான் பொது."

"எங்க மலையில கோயில் வரி போட்டாக்கூட, தாலியறுத்தவ வூட்டுக்கு அரை வரிதாங்க எழுதுவாங்க."

"இது கோயில் கணக்கு இல்ல வெள்ளச்சி. கம்பெனிக் கணக்கு."

சொல்லிவிட்டானே தவிர, சுருக்கென்று உள்ளே ஏதோ தைத்தது. அவன் ஊரிலும் அந்த வழக்கம் உண்டு. ஆண் துணை இல்லாத வீடு, நொடித்துப்போன வீடு, இரண்டுக்கும் அரை வரி. பதினாறு வருஷமாக அவன் கையாலேயே எழுதியதுதான். வகுக்கத் தெரிந்தவனுக்கு இதுமட்டும் எப்படி மறந்துபோயிற்றோ! கோயிலிலிருந்து கணக்கை எடுத்துவந்தவன், அதிலிருந்த இரக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

செப்டம்பர் முதல் வாரம் ஆகஸ்ட் மாசக் கணக்கை எடுத்தான். மத்தியானம் கரண்டு போய் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கத்திக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. பொதுச்செலவைக் கூட்டினான். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. கொட்டகையில் எரிந்த குண்டு பல்புக்கு நாற்பது ரூபாய் போல மிச்சம், அவ்வளவுதான். பன்னிரண்டு தலை போயிற்று. அந்தத் தலைகளோடு போயிருக்க வேண்டிய மூவாயிரம் போகவில்லை. நடுக்கல் மாதிரி அப்படியே நின்றது.

மிச்சமிருக்கிற தலை பன்னிரண்டு. வகுத்தான். தலைக்கு ஏறக்குறைய ஐந்நூறு. அதை வாளிக் கணக்கில் கொண்டுபோய் வைத்தால் வாளி நட்டம்.

அப்போதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. வாளி நட்டம் என்று அதையும் வெளியே கொடுத்தால் அடுத்த மாசம் தலைக்கு ஆயிரம். அப்புறம் லேத்து நட்டம். அப்புறம்? அந்த மூவாயிரம் கத்தியால் வந்த செலவே இல்லை. அதைத் தள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு கத்தியும் முக்கால் ரூபாய் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. மாசம் மூவாயிரம் கத்தி. இரண்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் சம்பாதித்துக் கொடுத்தவர்களை நட்டம் என்று சொல்லித் துரத்திவிட்டு, இப்போது சேலத்துக்காரனிடம் எழுநூற்றைம்பதை வாங்கிக்கொண்டு லாபம் லாபம் என்று குதித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. பிடித்தது முதலாளி இல்லை, இவன்.

உடனே எழுந்து முதலாளி அறைக்குப் போனான். கந்தசாமி அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "வாடா கணக்குப்புலி! வாளியில எதாச்சும் ஓட்டை இருக்குதா பாரு" என்றார். பக்கத்தில் யாரோ இரும்பு வியாபாரி. "இவன் ஒருத்தன் இருந்தாப் போதும்ங்க" என்று அவரிடம் வேறு சொன்னார். கொளஞ்சியப்பன் இளித்துக்கொண்டு, "பாத்துக்கினு இருக்கறேங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்தான். தூ! அந்த நேரத்தில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும்.

மறுநாளே வெள்ளச்சி வந்தாள். இந்தத் தடவை அவள் கணக்குக் கேட்கவில்லை.

"பங்குனி வரைக்கும் வேலை குடுக்கச் சொல்லுங்க போதும். பொண்ணு பரீட்சை எழுதிட்டான்னா நான் போயிடறேன். டீச்சரம்மா சொல்றாங்க, பாஸ் பண்ணிட்டா நம்ம ஜனத்துக்குக் கவர்மெண்டுல எடம் இருக்குதாம், நர்ஸுக்குப் படிக்க வெப்பாங்களாம். எடம் இருக்குதுங்க. அது வரைக்கும் சோறுதான் இல்ல. கூலி ஆறு ரூபா குடுத்தாக்கூட நான் செய்யறேங்க."

"நான் மொதலாளிகிட்டப் பேசறேன்," என்றான் கொளஞ்சியப்பன்.

"எப்பங்க?"

"ரெண்டு நாள்ல."

இரண்டு நாள் நாலு நாளாயிற்று, நாலு பத்தாயிற்று. சொன்னால் ஐம்பது ரூபாய் போகும், வேலையும் போகலாம் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், கொளஞ்சியப்பன் கணக்கு தப்பு என்று நாலு பேர் சொல்வார்களே என்பது. அது அவன் ஊருக்குப் போய்ச் சேரும். ஊரில் அப்புறம் வரி நோட்டை அவன் கையில் எவன் கொடுப்பான்? வெள்ளச்சி தினமும் சாயங்காலம் ரோட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்று பட்டறை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவன் பின்பக்கமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஒரு வழியாக மனசைக் கல்லாக்கிக்கொண்டு, வியாழக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஆண்டாளிடம்கூடச் சொன்னான். "சொல்லித் தொலைங்க. அம்பது ரூபா இல்லாமலா நாம இத்தினி நாளா கஞ்சி குடிச்சோம்?" என்றாள் அவள்.

அந்த வியாழக்கிழமைதான் மறியல் ஆரம்பித்தது. தங்கள் ஜாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடு மறியல் என்று மாசக்கணக்காகச் சுவரெல்லாம் எழுதிக் கிடந்தது. டீக்கடையில் பேச்செல்லாம் அதுதான். "நாம எத்தினி தலையோ அத்தினி பங்கு குடு" என்று கொளஞ்சியப்பனே பெஞ்சைத் தட்டிப் பேசியிருக்கிறான். அதில் நியாயம் இருக்கிறது என்பது அவன் எண்ணம். பிள்ளைகள் படித்துவிட்டுச் சும்மா கிடக்கிறதை அவன் கண்ணால் பார்க்கிறவன். விடிந்ததும் அவன் ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது. வெட்டிப்போட்ட புளியமரத்தைக் குறுக்கே இழுத்தார்கள். கயிற்றைப் பிடித்தவர்களில் அவனும் ஒருவன். இழுக்கும்போது வெள்ளச்சி நினைப்பு வரத்தான் செய்தது. நாளைக்குப் போய்ச் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று இழுத்தான்.

நாளை வரவில்லை. ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை. சைக்கிளில் கிளம்பியவர்களையும் பாதியில் திருப்பி அனுப்பினார்கள். மற்ற ஊர்களில் துப்பாக்கிச்சூடு, இத்தனை பேர் செத்தார்கள் என்று தினம் ஒரு சேதி. பெண்கள் தலைவிரித்து அழுதார்கள். போலீஸ் வேன் வந்தால் ஆண்கள் கரும்புக் கொல்லைக்குள் ஓடினார்கள். கொளஞ்சியப்பனும் இரண்டு நாள் கரும்புச் சோகைக்குள் கிடந்தான்.

அடுத்த வியாழக்கிழமை பட்டறைக்குப் போனபோது புளியமரத்தடியில் யாரும் இல்லை. எட்டிப் பார்க்க ஏரிக்கரைக்குப் போனான். குடிசையில் வேறு யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.

பட்டறையில் கந்தசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சேலத்து லாரி ஆத்தூரிலேயே ஒரு வாரம் நின்றுவிட்டது. கார்த்திகையில் அரவை ஆரம்பிக்கும். புரட்டாசியில் கத்தி வாங்குகிற மேஸ்திரிகள் வாசலில் வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் காண்ட்ராக்டர் ஆள் அனுப்பியிருந்தான். லாரி நின்ற வாடகை, டீசல், அது இதென்று கணக்குச் சொல்லி, இனிமேல் கத்தி ஆறரை ரூபாய் என்றான். வேண்டுமென்றால் வாங்கு, வேண்டாமென்றால் நீயே செய்துகொள். செய்ய ஆள் எங்கே?

கொளஞ்சியப்பன் கதவைச் சாத்திவிட்டுக் கணக்கு நோட்டோடு வந்து நின்றான். "மொதலாளி, கத்தியில நட்டமே இல்லீங்க."

"இன்னாடா சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னான். தலைக்கு வகுத்தது தப்பு, லேத்து தின்ற கரண்டைப் பொம்பளைகள் தலையில் எழுதியது தப்பு, அவர்கள் போனபிறகும் செலவு போகாதது, வாளியும் இப்படித்தான் நட்டமாகத் தெரிகிறது என்பது, ஒன்று விடாமல். கந்தசாமி நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணு வாரமாச்சுங்க."

"மூணு வாரமா உன் வாயில இன்னாடா கொழுக்கட்டையா வெச்சிருந்த?" நோட்டைத் தூக்கி அவன் மேல் எறிந்தார். "போடா. மலைக்குப் போய் அத்தினி பேரையும் கூட்டிக்கினு வா. ஒரு ரூபா சேத்துத் தரேன்னு சொல்லு. வெள்ளச்சி வந்தா மத்தவங்க வந்துருவாளுங்க."

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். ஒன்பது ரூபாய் கூலி. பங்குனி வரைக்கும் என்ன, எப்போதுமே. சங்கவி பரீட்சைக்குப் பணம் கட்டவேண்டுமென்றால் ஆண்டாள் சீட்டை எடுத்துக் கட்டிவிடலாம். இறங்கி மூன்று மைல் நடந்தான். வெள்ளச்சியின் அண்ணன் தர்மன் சாமைக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். வந்தவனை உட்காரச் சொல்லவில்லை.

"அவ போயி நாலு நாளாச்சு," என்றார். "மறியல் தொடங்குனதுலேர்ந்து கீழ ஒரு கூலியும் கெடைக்கல. வூட்டு வாடகை கேட்டு வெளிய தள்ளிட்டானுங்க. பொண்ணக் கூட்டிக்கினு நடந்தே மலையேறி வந்தா. இங்க குடகுக்கு ஆள் புடிக்கிற மேஸ்திரி மறியல் இல்லாத மேல் பாதையில வேன் கொண்டாந்திருந்தான். காப்பித் தோட்டத்துக்கு ஒம்பது குடும்பம் ஏறிப் போச்சு."

"திரும்பி எப்ப வருவாங்க?"

"அட்வான்ஸ் கழியற வரைக்கும் விடமாட்டான். ரெண்டு வருசம் ஆவும், மூணும் ஆவும்."

"சங்கவி? பள்ளிக்கூடம் இருக்குதே, அது இங்க இருக்குதுங்களா?"

தர்மன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தலைக்கு எரநூறு அட்வான்ஸ் குடுத்தான். அவளுக்கு நானூறு ரூபா கடன் இருந்துச்சு. பொண்ணும் ஒரு தலைதானே."

கொளஞ்சியப்பன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். வியாழக்கிழமை கயிறு பிடித்த கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். தர்மன் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. தன்பாட்டுக்குக் களை பறிக்கப் போய்விட்டார்.

அப்புறம் பட்டறை நாலு மாசம் இழுத்துக்கொண்டிருந்தது. கத்தி இல்லையென்றதும் மேஸ்திரிகள் வாளி வாங்கவும் வரவில்லை. ஒரே கடையில் இரண்டும் வாங்கிப் பழகியவர்கள். ஐப்பசியில் வாளிக்காரர்கள் ஆறு பேரும் போனார்கள். ஆறாயிரம் மட்டும் போகவே இல்லை. "அடுத்தது யாருண்ணே, நானா?" என்று லேத்து மேஸ்திரி ராசு கேட்டான். தை மாசம் பேங்கு ஆட்கள் வந்து லேத்தை ஜப்தி எழுதிக்கொண்டு போனார்கள். கந்தசாமி திருக்கோவிலூரில் மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். கொளஞ்சியப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, யாருடைய கரும்புக்கோ பாத்தி கட்டப் போனான். ஆண்டாளின் சீட்டு பாதியில் நின்றது.

மறு வருஷம் ஆடி பிறந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. அவன் பயந்தபடி நோட்டை எவனும் பிடுங்கவில்லை. பட்டறை ஏன் மூடியது என்று ஊரில் ஒருவனுக்கும் தெரியாது. மறியலால் மூடியது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். வழக்கம்போல அவன்தான் வேப்பமரத்தடியில் நோட்டை விரித்து உட்கார்ந்தான். செலவு படித்தார்கள். தலைக்கட்டு எண்ணினார்கள். தலைக்கு நாற்பது ரூபாய் வந்தது. ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்த நாட்டாமை வீரமுத்து, கொளஞ்சியப்பன் பேர் வந்ததும் நிறுத்தினார்.

"நம்ம கொளஞ்சிக்கு ஆறு மாசமா வேலை இல்ல. நொடிச்சுப் போன வூடு. அவனுக்கு இந்த வருசம் அரை வரி எழுதிக்கலாம். இன்னா சொல்றீங்க?"

"எழுதுங்க, எழுதுங்க. பாவம்," என்றார்கள் நாலா பக்கமிருந்தும். ஒருவன்கூட எதிர்த்துப் பேசவில்லை. கேட்காமலே கொடுத்தார்கள்.

கோயில் கணக்கு இல்ல, கம்பெனிக் கணக்கு என்று வெள்ளச்சியிடம் தன் வாய் சொன்னது கொளஞ்சியப்பன் காதில் கேட்டது. வேண்டாம், முழு வரியே எழுதுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். நாற்பது ரூபாய்க்கு வழி இல்லை என்பது எதிரே பெண்கள் கூட்டத்தில் நின்ற ஆண்டாளின் முகத்தில் தெரிந்தது.

"எழுதுடா கொளஞ்சி, நேரமாவுது," என்றார் வீரமுத்து.

தன் பேருக்கு நேரே இருபது என்று தன் கையாலேயே எழுதினான். பிறகு அடுத்த பேரைக் கேட்டான்.